ஒரே லாகினில் எட்டுப் பேர்: தனித்தனிக் கணக்குக்கு மாறுவது எப்படி?

புதுநிர்வாகி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் குழுவில் எட்டுப் பேர், ஒரு லினக்ஸ் சர்வர். தொடக்கத்திலிருந்தே எல்லோரும் ஒரே பயனர் கணக்கில்தான் உள்ளே போகிறோம். அந்தக் கணக்குக்கு சூடோவில் (ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கின் உரிமையோடு கட்டளைகளை ஓட்டவிடும் நிரல்) முழு அனுமதி இருக்கிறது. பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். இப்போது இந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

இரண்டு விஷயங்களால் இதை இனியும் இப்படியே விட முடியாது என்று தோன்றுகிறது. சமீபத்தில் ஒரு அமைப்புக் கோப்பு மாறியிருந்தது. யார் மாற்றியது என்று லாகில் (சர்வரின் நிகழ்வுப் பதிவில்) தேடினால் எட்டுப் பேருக்கும் ஒரே பெயர்தான். இன்னொன்று, ஒருவர் விரைவில் குழுவை விட்டுப் போகிறார். பாஸ்வேர்டை மாற்றினால் மற்ற ஏழு பேருக்கும் சொல்ல வேண்டும். அதே கணக்கில் ஓடும் ஸ்கிரிப்டுகள் எவை எவை நின்றுபோகும் என்றும் தெரியவில்லை.

தனித்தனிக் கணக்கு கொடுக்க முடிவு செய்துவிட்டேன். ஆனால் திட்டக் கோப்புகள் ஒரே பொது ஃபோல்டரில் இருக்கின்றன. ஒருவர் உருவாக்கியதை மற்றவரும் திருத்த வேண்டும். அந்த ஃபோல்டருக்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துவிட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். அது சரியா?

கருந்திரை எழுதியது:

777 வேண்டவே வேண்டாம். இந்த இலக்கங்கள் வரிசையாக உரிமையாளர், குழு, மற்ற எல்லோர் ஆகியோரின் அனுமதி: படிக்க 4, எழுத 2, நுழைய அல்லது ஓட்ட 1, மூன்றும் சேர்ந்தால் 7. அந்த மூன்றாவது ஏழு உங்கள் எட்டுப் பேரோடு நிற்காது. அந்த சர்வரில் ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் போய்ச் சேரும். வெப் சர்வர் தனக்கென்று ஒரு கணக்கில் ஓடும், டேட்டாபேஸ் இன்னொரு கணக்கில் ஓடும். நாளைக்கு வெப் அப்ளிகேஷனில் ஓர் ஓட்டை இருந்தால், அதன் வழியாக உள்ளே வருபவரும் உங்கள் திட்டக் கோப்புகளை மாற்றலாம்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் மேல் எழுதும் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதவும் நுழையவும் அனுமதி இருந்தால் போதும். கோப்பை 444 ஆக வைத்துவிட்டு இனி யாரும் தொட முடியாது என்று நம்பியிருப்பார்கள். ஃபோல்டர் 777 ஆக இருந்தால் யார் வேண்டுமானாலும் அதை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டெம்ப்’ அடைவு 1777 என்று இருப்பது இதற்காகத்தான். முன்னால் உள்ள அந்த 1 ஸ்டிக்கி பிட். அது இருந்தால் கோப்பின் உரிமையாளர், ஃபோல்டரின் உரிமையாளர், ரூட் ஆகியோரைத் தவிர வேறு யாராலும் அழிக்க முடியாது.

உங்களுக்குத் தேவை ஒரு குழு. ‘திட்டம்’ என்றோ வேறு பெயரிலோ ஒரு குரூப் உருவாக்கி எட்டுப் பேரையும் அதில் சேருங்கள். பொது ஃபோல்டரின் குழுவை அதற்கு மாற்றுங்கள். ஃபோல்டருக்கு 2770 கொடுங்கள். முன்னால் உள்ள 2 செட்ஜிஐடி பிட்: அந்த ஃபோல்டருக்குள் யார் புதுக் கோப்பு உருவாக்கினாலும் அதன் குழு ‘திட்டம்’ என்றே அமையும். உள்ளே உருவாகும் துணை ஃபோல்டர்களுக்கும் இந்தப் பிட் தானாகவே வரும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கு வராது. அவற்றுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் யூமாஸ்க், அதாவது புதுக் கோப்பில் எந்தெந்த அனுமதியைக் கழிக்க வேண்டும் என்ற அமைப்பு. அது 022 ஆக இருந்தால் புதுக் கோப்பு 644 ஆக வரும், குழுவினர் படிக்கலாம், திருத்த முடியாது. 002 அல்லது 007 ஆக்குங்கள். இப்படித் தளர்த்துவது ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஒரு தனிக் குழு உருவாகும். அதில் அவர் ஒருவர் மட்டுமே இருப்பார். அதனால் அவருடைய சொந்தக் கோப்புகளைக் குழு எழுதலாம் என்று இருந்தாலும் வேறு யாரும் உள்ளே வர முடியாது.

புதுநிர்வாகி எழுதியது:

மிக்க நன்றி கருந்திரை. ஒரு சோதனை சர்வரில் செய்து பார்த்தேன். நேரடியாக உருவாக்கும் கோப்புகள் நீங்கள் சொன்னபடியே வருகின்றன. ஆனால் ஹோம் ஃபோல்டரிலிருந்து நகர்த்திய கோப்பில் பழைய குழுவே இருக்கிறது. காப்பி செய்தால் குழு சரியாக வருகிறது, எழுதும் அனுமதி மட்டும் வரவில்லை.

இன்னொரு சந்தேகம். ஒருவரைக் குழுவில் சேர்த்துவிட்டேன், அவருக்கு இன்னும் ‘அனுமதி இல்லை’ என்றே வருகிறது.

கோப்பறை எழுதியது:

கடைசியிலிருந்து வருகிறேன். ஒரு ப்ராசஸ் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறது என்பது லாகின் ஆகும்போதே முடிவாகிவிடும். பின்னால் குழுக் கோப்பில் பெயரைச் சேர்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்கு அது தெரியாது. வெளியேறி மறுபடி வரச் சொல்லுங்கள். டீமக்ஸ் அல்லது ஸ்கிரீன் (வெளியேறினாலும் செஷனை ஓடவைக்கும் நிரல்கள்) பயன்படுத்துபவர் என்றால், பழைய செஷனில் போய் ஒட்டிக்கொண்டால் பழைய குழுக்களேதான் இருக்கும். அதையும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் இப்போதே மனத்தில் வையுங்கள். ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்தாலும் அவருடைய திறந்திருக்கும் செஷனில் பழைய உரிமை அப்படியே நீடிக்கும்.

நகர்த்துவது: ஒரே கோப்பு முறைமைக்குள் நகர்த்தினால் பெயர்தான் மாறுகிறது, புதுக் கோப்பு உருவாவதில்லை. செட்ஜிஐடி பிட் புதிதாக உருவாவதை மட்டுமே கவனிக்கும். காப்பியில் புதுக் கோப்பு உருவாகிறது, அதனால் குழு சரியாக வருகிறது. ஆனால் மூலக் கோப்பு 644 என்றால் நகலும் 644ஐத் தாண்டாது. யூமாஸ்க் அனுமதியைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது.

இங்கே பலர் டீஃபால்ட் ஏசிஎல் (ஒரு ஃபோல்டரில் புதிதாக உருவாகும் கோப்புகளுக்குத் தானாக வரும் கூடுதல் அனுமதிப் பட்டியல்) வைக்கச் சொல்வார்கள். நல்ல வழிதான். ஃபோல்டரில் டீஃபால்ட் ஏசிஎல் இருந்தால் யூமாஸ்க் கணக்கில் வராது, எனவே ஒவ்வொருவருடைய யூமாஸ்க்கையும் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் அதுவும் இந்தக் காப்பி பிரச்சினையை முழுதாகத் தீர்க்காது. காப்பி செய்யும் நிரல் 644 என்று கேட்டுத்தான் கோப்பை உருவாக்குகிறது. ஏசிஎல்லின் மாஸ்க் (குழுவுக்குக் கிடைக்கக்கூடிய அனுமதியின் உச்ச வரம்பு) அதற்கேற்பப் படிக்கும் அனுமதியாக மட்டும் சுருங்கிவிடும். பட்டியலில் குழுவுக்கு எழுதும் அனுமதி இருப்பதாகவே தெரியும், பக்கத்திலேயே செயல்படுவது படிக்கும் அனுமதி மட்டும் என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பைப் பார்க்காமல் மணிக்கணக்கில் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏசிஎல் உள்ள கோப்பில் சிஎச்மாட் (அனுமதியை மாற்றும் கட்டளை) கொடுத்தால் நடு இலக்கம் குழுவின் அனுமதியை மாற்றாது, மாஸ்க்கைத்தான் மாற்றும். இதுவும் தெரிந்திருக்க வேண்டும். கோப்புப் பட்டியலில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் ஏசிஎல் இருக்கிறது என்று அர்த்தம்.

என் யோசனை: எட்டுப் பேருக்கு ஒரே ஃபோல்டர் என்றால் செட்ஜிஐடியும் யூமாஸ்க்கும் போதும். இரண்டு மூன்று குழுக்களுக்கு வெவ்வேறு அளவு அனுமதி தேவைப்படும்போது ஏசிஎல் பக்கம் போங்கள்.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. குழுவில் சேர்க்க ‘யூசர்மாட்’ கட்டளையைப் பயன்படுத்தினால் பெரிய ஜி (-G) என்ற விருப்பத்தோடு சின்ன ஏயும் (-a) சேர்த்துக் கொடுங்கள். ஏ இல்லாமல் கொடுத்தால் அவர் இதுவரை இருந்த துணைக் குழுக்கள் எல்லாம் போய், நீங்கள் எழுதியது மட்டும் மிஞ்சும். சூடோ குழுவும் அதில் போய்விடும். அந்தக் கணினியில் சூடோ உரிமை உள்ளவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், உங்கள் கணக்கிலேயே இதைச் செய்தபின் வெளியே வந்தால் மறுபடி ரூட்டாக முடியாது. ‘ஜிபாஸ்வேர்டு’ கட்டளையில் இந்த ஆபத்தே இல்லை, ஒருவரைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

புதுநிர்வாகி எழுதியது:

குறித்துக்கொண்டேன். அடுத்தது சூடோ. இப்போது எல்லோருக்கும் முழு அனுமதி. தனிக் கணக்கு வந்த பிறகும் எட்டுப் பேருக்கும் அப்படியே கொடுப்பதா? உண்மையில் ஐந்து பேருக்கு ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதும் அதன் அமைப்புக் கோப்பைத் திருத்துவதும்தான் வேலை.

நேர்வழி எழுதியது:

என் கருத்து கொஞ்சம் மாறுபடும். எட்டுப் பேர் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். தனிக் கணக்கு கொடுத்து, எல்லோருக்கும் முழு சூடோ கொடுத்துவிடுங்கள். யார் என்ன செய்தார்கள் என்று லாகில் பெயரோடு வரும், உங்கள் முதல் பிரச்சினை தீர்ந்துவிட்டது. கட்டளை கட்டளையாக அனுமதி எழுதப் போனால் அந்தப் பட்டியலைப் பராமரிப்பதே ஒரு வேலையாகிவிடும். வேலை தடைப்படும், நள்ளிரவில் உங்களை எழுப்புவார்கள், கடைசியில் அலுத்துப்போய் முழு அனுமதியே கொடுப்பீர்கள்.

அதோடு, பாதி அனுமதி என்று கொடுப்பது பல நேரம் முழு அனுமதிதான். அதை மறைத்து வைத்துப் பாதுகாப்பு என்று நம்புவதைவிட வெளிப்படையாகக் கொடுப்பது நேர்மையானது.

தணிக்கை எழுதியது:

நேர்வழி சொல்வதில் இரண்டாம் பத்தியை முழுதாக ஏற்கிறேன், முதல் பத்தியை ஏற்கவில்லை.

பாதி அனுமதி முழு அனுமதியாக மாறும் இடங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒருவருக்கு சூடோவில் ‘விம்’ எடிட்டர் கொண்டு ஒரு கோப்பைத் திருத்த மட்டும் அனுமதி கொடுக்கிறீர்கள். விம்முக்குள் இருந்தே ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) திறக்கலாம், அந்த ஷெல் ரூட்டாக ஓடும். ‘லெஸ்’, ‘ஃபைண்ட்’, ‘டார்’ எல்லாவற்றிலும் இதே வழி உண்டு. கோப்பைத் திருத்த ‘சூடோஎடிட்’ இருக்கிறது. அது கோப்பை ஒரு தற்காலிக நகலாக்கி, எடிட்டரைப் பயனரின் சொந்தக் கணக்கிலேயே ஓட்டி, முடிந்ததும் திரும்ப எழுதி வைக்கும். எடிட்டர் ரூட்டாக ஓடுவதே இல்லை.

எல்லாம் செய்யலாம், இன்னின்ன மட்டும் கூடாது என்று எழுதுவதும் பயனற்றது. தடுத்த நிரலை வேறு பெயரில் காப்பி செய்து ஓட்டினால் தடை போய்விடும். சூடோவின் கையேட்டிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. எது கூடும் என்று எழுதுங்கள். கட்டளையின் முழுப் பாதையும், கூடவே வரும் சொற்களும் அப்படியே இருக்கட்டும். நட்சத்திரக் குறி போட்டால் அது இடைவெளியையும் சேர்த்துப் பொருந்தும், நீங்கள் நினைக்காத கூடுதல் சொற்கள் உள்ளே நுழையும்.

டாக்கர் (நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனி அறைகளில் ஓட்டும் மென்பொருள்) குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு ரூட் கொடுத்ததற்குச் சமம். கணினியின் முழு அடைவையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து உள்ளே ரூட்டாக அவர் எதையும் மாற்றலாம். சூடோவை இறுக்கிவிட்டு டாக்கர் குழுவைத் திறந்து வைத்திருக்கும் சர்வர்கள் நிறைய.

சரி, முதல் பத்திக்கு வருகிறேன். ‘லாகில் பெயர் வரும்’ என்கிறார் நேர்வழி. ஒருவர் சூடோ வழியாக ரூட் ஷெல்லையே திறந்துவிட்டால் லாகில் ஒரே ஒரு வரிதான் விழும், ஷெல் திறந்தார் என்று. அதற்குள் என்ன செய்தார் என்பது அந்த லாகில் இருக்காது. முழு அனுமதி உள்ளவர் லாகையே அழிக்கவும் முடியும். அதனால் லாகை வேறு ஒரு கணினிக்கு அனுப்பாமல் பெயர் வரும் என்று நம்பியிருக்க முடியாது.

இதில் நம்பிக்கை என்ற பேச்சே வர வேண்டியதில்லை. கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் அந்த வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு இயங்க வேண்டும் என்ற கொள்கையை வைத்தார்கள். தற்செயலாகவோ பிழையாலோ வரும் சேதத்தைக் கட்டுக்குள் வைப்பது அதன் முதல் காரணம். ஒரு நல்ல மனிதர் தவறான ஃபோல்டரில் நின்றுகொண்டு அழிக்கும் கட்டளை கொடுத்தால், அவர் நல்லவர் என்பதால் கோப்பு திரும்பி வராது. அவருடைய லேப்டாப்பிலிருந்து லாகின் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் கோப்பு) திருடு போனாலும் அப்படித்தான்.

நேர்வழி எழுதியது:

ரூட் ஷெல் லாக் பற்றிச் சொன்னது சரி, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. லாகை வெளியே அனுப்புவது கட்டாயம் என்று என் பதிலோடு சேர்த்துப் படியுங்கள். ஆனால் ஐந்து பேருக்குக் கட்டளைப் பட்டியல் எழுதும்போது அவர்களையும் உட்காரவைத்து எழுதுங்கள் என்பதில் மாறவில்லை. அவர்களைக் கேட்காமல் எழுதிய பட்டியல் முதல் வாரத்திலேயே உடையும்.

கருந்திரை எழுதியது:

அதையே நானும் வழிமொழிகிறேன். மூன்று பேருக்கு முழு சூடோ, ஐந்து பேருக்கு ரீஸ்டார்ட் கட்டளையும் சூடோஎடிட்டும். ஆனால் அனுமதியை அந்த ஐந்து பேர் பெயரில் எழுதாதீர்கள், ஒரு குழுவின் பெயரில் எழுதுங்கள். அப்படிச் செய்தால் ஆள் மாறும்போது சூடோ கோப்பைத் தொடவே வேண்டாம்.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள்: அந்தச் சர்வீஸ் எந்தக் கணக்கில் ஓடுகிறது? அது ரூட்டாக ஓடி, அதன் அமைப்புக் கோப்பில் ‘இந்தக் கட்டளையை ஓட்டு’ என்று எழுத இடம் இருந்தால், கோப்பைத் திருத்தும் உரிமையே ரூட் உரிமைதான்.

சூடோ கோப்பைத் திருத்தும்போது ‘விசூடோ’ மட்டும் பயன்படுத்துங்கள். இலக்கணப் பிழை இருந்தால் அது சேமிக்கும் முன் சொல்லும். துணை அடைவில் கோப்பு வைத்தால் பெயரில் புள்ளி வரக் கூடாது, புள்ளி உள்ள பெயரை சூடோ படிக்காமல் விட்டுவிடும். மாற்றம் செய்யும் நேரத்தில் இன்னொரு ஜன்னலில் ரூட் செஷன் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள், எல்லாம் வேலை செய்கிறது என்று உறுதியாகும் வரை மூடாதீர்கள்.

வெறும்பயனர் எழுதியது:

சூடோவையே அப்டேட் செய்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 2021 ஜனவரியில் வெளியான ‘பேரன் சேமெடிட்’ ஓட்டை, சூடோவில் 2011 முதலே இருந்தது. சூடோ பட்டியலில் பெயரே இல்லாத சாதாரணப் பயனரும் அதை வைத்து ரூட்டாக முடிந்தது. தனிக் கணக்குகள் கொடுத்து அனுமதியைப் பிரிப்பதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் அப்டேட் தவறக் கூடாது.

புதுநிர்வாகி எழுதியது:

நிறையக் கற்றுக்கொண்டேன். எல்லாம் கொடுப்பதைப் பற்றிப் பேசிவிட்டோம். போகிறவரைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. அவருக்கு இப்போது தனிக் கணக்கு கொடுத்துவிட்டேன். போகும் நாளில் அதை லாக் செய்தால் (பூட்டினால்) போதும்தானே?

தணிக்கை எழுதியது:

போதாது. இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். அனுமதி கொடுக்கும்போது கேட்பவர் எதிரில் நிற்கிறார், கிடைக்கவில்லை என்றால் உடனே சொல்லுவார். எடுக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். எடுக்காமல் விட்டது விட்டதாகவே கிடக்கும். ஒரு அனுமதியைக் கொடுக்கும்போதே இதை எப்படி எடுப்பேன் என்று சொல்லத் தெரிய வேண்டும், சொல்ல முடியவில்லை என்றால் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். உங்கள் பழைய பொதுக் கணக்கில் தவறு இருந்ததும் அங்கேதான். ஒருவரிடமிருந்து மட்டும் எடுக்க அதில் வழியே இல்லை.

இனி வேலைக்கு வருவோம். பாஸ்வேர்டை லாக் செய்தால் பாஸ்வேர்டுகளை மறையாக்கி வைக்கும் ஷேடோ கோப்பில் அந்த மறை வடிவத்துக்கு (ஹாஷ்) முன்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாஸ்வேர்டு இனி பொருந்தாது. ஆனால் அவர் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) சாவியால் வருபவர் என்றால் பாஸ்வேர்டை யாரும் கேட்கப் போவதில்லை. பிஏஎம் (லாகினைச் சரிபார்க்கும் லினக்ஸ் அமைப்பு) இயக்கத்தில் உள்ள வழக்கமான அமைப்பில் லாக் செய்த கணக்குக்குள் சாவி வழியாக நுழைந்துவிடலாம்.

எனவே முதலில் கணக்கையே காலாவதியாக்குங்கள். ‘சேஜ்’ கட்டளையில் காலாவதி நாளைப் பழைய தேதியாகக் கொடுத்தால் சாவியோடு வந்தாலும் பிஏஎம் திருப்பி அனுப்பும். போகும் நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால் அந்தத் தேதியை இன்றே போட்டு வைக்கலாம். அது திறந்திருக்கும் செஷனை மூடாது, எனவே அடுத்து அவருடைய ப்ராசஸ்களை நிறுத்த வேண்டும். பிறகு அவருடைய க்ரான் வேலைகளைப் (குறித்த நேரங்களில் தானாக ஓடுபவை) பாருங்கள், அட் வரிசையைப் (பின்னர் ஒருமுறை ஓட வைத்தவை) பாருங்கள், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் பயனர் சர்வீஸ் லாகின் இல்லாமலும் ஓட அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

சாவிகளில் எல்லோரும் மறப்பது ஒன்று: அவருடைய சாவி அவர் கணக்கில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பழைய பொதுக் கணக்கில் இருக்கும், ரூட்டில் இருக்கலாம், வேறு சர்வரில் இருக்கலாம். எல்லா அனுமதிச் சாவிக் கோப்புகளையும் தேடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏபிஐ டோக்கன் போன்று அவர் அறிந்த பொது ரகசியங்களையும் மாற்ற வேண்டும்.

கோப்பறை எழுதியது:

இதோடு இன்னொன்று: கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள். லினக்ஸ் கோப்பில் உரிமையாளரின் பெயரை எழுதி வைப்பதில்லை, யூஐடி என்ற பயனர் எண்ணைத்தான் எழுதி வைக்கிறது. கணக்கை அழித்தால் கோப்புகள் வெறும் எண்ணோடு நிற்கும். ‘யூசர்ஆட்’ புதுப் பயனருக்கு இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு அடுத்ததைக் கொடுக்கும். கடைசியாகச் சேர்ந்தவர் 1008 என்று வையுங்கள். அவர் கணக்கை அழித்தபின் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அவருக்கும் 1008. பழையவரின் கோப்புகள் எல்லாம் சத்தமில்லாமல் புதியவருடையதாகிவிடும்.

காலாவதியாக்கி வைத்துவிட்டு, அவருடைய கோப்புகளைத் தேடி வேறு ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். அந்த எண்ணைத் திரும்பக் கொடுக்காமல் ஒதுக்கிவையுங்கள். உரிமையாளர் இல்லாத கோப்புகளை ‘ஃபைண்ட்’ தேடிக் கொடுக்கும்.

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்தால் இது இன்னும் தீவிரம். வழக்கமான அமைப்பில் சர்வர்களுக்கிடையே போவது எண்தான். ஒரு கணினியில் 1003 ஒருவர், இன்னொன்றில் 1003 வேறொருவர் என்றால் ஒருவர் கோப்பை மற்றவர் திறப்பார்.

ஜன்னலோரம் எழுதியது:

நான் விண்டோஸ் பக்கம். அங்கே இந்த எண் சிக்கல் இல்லை. டொமைனில் (ஒரே நிர்வாகத்தில் உள்ள கணினிகளின் தொகுப்பில்) ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்ஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு, அழித்தாலும் அது இன்னொருவருக்குப் போகாது. அதே பெயரில் மறுபடி கணக்கு உருவாக்கினாலும் பழைய அனுமதிகள் திரும்பி வராது.

ஆனால் வேறு குழப்பங்கள் உண்டு. பகிர்ந்த ஃபோல்டரில் ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) அனுமதி என்று இரண்டு இருக்கின்றன. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான். ‘மறுப்பு’ எப்போதும் ‘அனுமதி’யை வெல்லும் என்று பலர் சொல்வார்கள், அதுவும் முழு உண்மை இல்லை. அந்தக் கோப்பிலேயே நேரடியாக எழுதிய அனுமதி, மேல் ஃபோல்டரிலிருந்து வந்த மறுப்பை வெல்லும். ஆட்களுக்கு எழுதாமல் குழுக்களுக்கு எழுதுங்கள் என்ற அறிவுரை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

புதுநிர்வாகி எழுதியது:

பழைய பொதுக் கணக்கை என்ன செய்வது? பல ஸ்கிரிப்டுகள் அதில் ஓடுகின்றன. அப்புறம், எல்லோரும் 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்று அமைக்கலாமா?

கருந்திரை எழுதியது:

பொதுக் கணக்கை உடனே நீக்க வேண்டாம். அதில் யாரும் நேரடியாக லாகின் ஆக முடியாதபடி எஸ்எஸ்எச் அமைப்பில் தடுத்துவிடுங்கள், பாஸ்வேர்டையும் லாக் செய்யுங்கள். அதற்கிருக்கும் சூடோ அனுமதியை எடுத்துவிடுங்கள். தேவைப்படுபவர் தன் கணக்கில் வந்து சூடோ வழியாக அந்தக் கணக்காக மாறட்டும், அப்போது யார் மாறினார் என்று லாகில் விழும். ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாக அதற்கென்று உருவாக்கிய சர்வீஸ் கணக்குகளுக்கு நகர்த்துங்கள். காப்புப் பிரதி எடுப்பதற்கு ஒரு கணக்கு, அறிக்கை அனுப்புவதற்கு ஒரு கணக்கு என்று பிரித்தால் ஒன்றின் சாவியை மாற்றும்போது மற்றது நிற்காது. இந்தக் கணக்குகளின் ஷெல்லை ‘நோலாகின்’ ஆக்குங்கள். நோலாகின் ஷெல்லைத்தான் தடுக்கும், எஸ்எஸ்எச் வழியாகப் போர்ட் ஃபார்வர்டிங் (சர்வர் வழியாக வேறு நெட்வொர்க் இணைப்பைக் கடத்துவது) செய்வதைத் தடுக்காது; அதனால் அந்தக் கணக்குகளை எஸ்எஸ்எச்சிலும் தடுத்து வையுங்கள்.

90 நாள் வேண்டாம். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே காரணமின்றிக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கசிந்ததாகத் தெரிந்தால் மாற்ற வைக்க வேண்டும். கட்டாயப்படுத்தினால் பழைய பாஸ்வேர்டின் கடைசி எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டே போவார்கள். அந்த உழைப்பை எஸ்எஸ்எச் சாவியிலும் இரண்டாம் அடையாளச் சோதனையிலும் போடுங்கள்.

தணிக்கை எழுதியது:

90 நாளுக்கு ஒருமுறை வேறொன்று செய்யுங்கள். ஒவ்வொரு குழுவிலும் யார் யார் என்ற பட்டியலை எடுத்து, அந்தக் குழுவுக்குப் பொறுப்பானவரிடம் கொடுத்து, இவர்களுக்கெல்லாம் இன்னும் தேவையா என்று கேளுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அப்படிப் பொறுப்பான ஒருவர் பெயர் இருக்க வேண்டும், உங்கள் பெயராக மட்டும் இருக்கக் கூடாது. போகிறவர்களைக்கூட நினைவில் வைத்துக்கொள்கிறோம். வேலை மாறி அதே குழுவில் இருப்பவர்களிடம் பழைய உரிமையும் புது உரிமையும் சேர்ந்து குவிவதை யாரும் பார்ப்பதில்லை.

புதுநிர்வாகி எழுதியது:

நேற்று மாற்றத்தைச் செய்து முடித்தேன். எட்டுக் கணக்குகள், இரண்டு சூடோ குழுக்கள், லாக் வேறு கணினிக்குப் போகிறது. ஐந்து பேரோடும் உட்கார்ந்துதான் கட்டளைப் பட்டியல் எழுதினோம், நேர்வழிக்கு நன்றி. அவர்கள் சொன்ன இரண்டு கட்டளைகள் எனக்குத் தெரியவே தெரியாது.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். ஒருவருக்கு மட்டும் எஸ்எஸ்எச் சாவி ஏற்கப்படவில்லை, பாஸ்வேர்டு கேட்கிறது. மற்றவர்களுக்குச் செய்த அதே முறைதான். சாவியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

அவருடைய ஹோம் ஃபோல்டரின் அனுமதியைப் பாருங்கள். குழுவினரோ மற்றவர்களோ எழுதலாம் என்று இருந்தால் எஸ்எஸ்எச் சர்வர் சாவியை ஏற்காது. சாவிக் கோப்பை வேறொருவர் மாற்றியிருக்கலாம் என்று அது சந்தேகப்படும். ஹோம் 750, எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, அனுமதிச் சாவிக் கோப்பு 600. மூன்றுக்கும் உரிமையாளர் அவராகவே இருக்க வேண்டும். சர்வரின் ஆத் லாகில் (லாகின் முயற்சிகளின் பதிவில்) காரணம் தெளிவாக எழுதியிருக்கும்.

புதுநிர்வாகி எழுதியது:

அதேதான். ஹோம் 775 ஆக இருந்தது, எஸ்எஸ்எச் ஃபோல்டரும் 775. யூமாஸ்க் 002 ஆக்கிய பிறகு அவர் அந்த ஃபோல்டரைத் தானே உருவாக்கியிருக்கிறார். மாற்றியதும் சாவி வேலை செய்கிறது.

போகிறவரின் கணக்குக்குக் காலாவதித் தேதியைப் போட்டுவிட்டேன். பொதுக் கணக்கில் தேடியபோது அவருடைய சாவி இரண்டு இருந்தது, அதோடு யாருடையது என்று எங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாத சாவி ஒன்றும் இருந்தது. மூன்றையும் எடுத்துவிட்டேன். அந்தத் தெரியாத சாவி எப்போதெல்லாம் பயன்பட்டது என்று பழைய லாகில் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். ஏதாவது கிடைத்தால் தனி இழையாகப் போடுகிறேன்.